எடை வைக்காமலே ஃப்ரிஞ்ச் ஓடுகிறது: ஃபைபர் இன்டர்ஃபெரோமீட்டரில் திரிபையும் வெப்பநிலையையும் எப்படிப் பிரிப்பது?

இழைநுனி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். முதுகலை இயற்பியல் ப்ராஜெக்ட்டுக்காக ஃபைபர் மாக்–ஜெண்டர் இன்டர்ஃபெரோமீட்டர் (ஒளியை இரண்டு கிளையாகப் பிரித்து மறுபடி சேர்த்து, பாதை வித்தியாசத்தைப் பார்க்கும் கருவி) ஒன்றைக் கட்டி, அதை வைத்து ஓர் அலுமினியப் பட்டையின் திரிபை, அதாவது அது தன் நீளத்தில் எத்தனை பங்கு நீள்கிறது என்பதை, அளக்கப் பார்க்கிறேன். மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன், அதனால் விவரம் முழுவதையும் எழுதிவிடுகிறேன், நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1550 நானோமீட்டர் டி.எஃப்.பி. லேசர் (ஒற்றை அலைநீளத்தில் ஒளிரும் குறைகடத்தி லேசர்), ஒளியைப் பாதிபாதியாகப் பிரிக்கவும் சேர்க்கவும் இரண்டு 50:50 கப்ளர், அவற்றுக்கு நடுவே இரண்டு கிளைகள். ஒவ்வொரு கிளையும் ஏறக்குறைய 2 மீட்டர், சாதாரண சிங்கிள்மோடு ஃபைபர்தான். ஒரு கிளையில் 30 செ.மீ. நீளத்தைப் பட்டையின் மேல்பக்கத்தில் நீளவாக்கில் சூப்பர் க்ளூ போட்டு ஒட்டியிருக்கிறேன். பட்டை 25 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிமன், ஒரு முனையை வைஸில் இறுக்கி 30 செ.மீ. வெளியே நீட்டியிருக்கிறேன், மறுமுனையில் எடை தொங்கும். இன்னொரு கிளையை மேசை மேல் வளையமாகச் சுற்றி டேப் போட்டு வைத்திருக்கிறேன். வெளியே வரும் ஒளியை ஃபோட்டோடையோடில் பிடித்து ஆசிலோஸ்கோப்பில் பார்த்து, கூடிக் குறைகிற ஒவ்வொரு முழு அலையையும் ஒரு ஃப்ரிஞ்ச் என்று எண்ணுகிறேன்.

100 கிராம் தொங்கவிட்டால் சுமார் 12 ஃப்ரிஞ்ச் ஓடுகிறது, 200 கிராமுக்கு 24 அல்லது 25. அதுவரை மகிழ்ச்சிதான். ஆனால் எடையே வைக்காமல் விட்டாலும் ஃப்ரிஞ்ச் நிற்பதில்லை. அரை மணி நேரத்தில் எட்டு பத்து ஃப்ரிஞ்ச் தானாக ஓடிவிடுகிறது. ஏசி கம்ப்ரசர் ஓடும்போது வேகமாக, அது நின்றதும் மெதுவாகி, கொஞ்ச நேரம் அப்படியே நின்று, மறுபடி கிளம்புகிறது. பட்டைக்கு ஒரு சாண் தள்ளி உள்ளங்கையைக் காட்டினால் போதும், தொடவே வேண்டாம், திரையில் கோடு ஏறத் தொடங்குகிறது. எடையை மாட்டும்போது என் கை அங்கேதானே போகிறது, அப்போது ஓடுகிற ஃப்ரிஞ்சில் எடைக்கு எவ்வளவு, கைச் சூட்டுக்கு எவ்வளவு?

அதோடு இன்னொன்று. எடையை மாட்டும்போது ஓடுவதும் கழற்றும்போது ஓடுவதும் ஸ்கோப்பில் ஒரே மாதிரி தெரிகிறது, எந்தத் திசை என்று சொல்ல முடியவில்லை.

வழிகாட்டி ஆசிரியர், ஒரு எஃப்.பி.ஜி.யும் (ஒரே ஒரு அலைநீளத்தை மட்டும் திருப்பியனுப்பும், ஃபைபருக்குள் எழுதிய பிராக் கீற்றணி) சேர்த்து ஒட்டி, இரண்டு சமன்பாடு போட்டு மேட்ரிக்ஸ் முறையில் பிரித்துவிடு என்கிறார். கூடப் படிக்கும் தோழி, ஃபாப்ரி–பெரோவுக்கு (இரண்டு பரப்புகளில் பட்டுத் திரும்பும் ஒளி குறுக்கிடும் இன்டர்ஃபெரோமீட்டருக்கு) மாறிவிடு, அதை வெப்பநிலை தொடாது என்கிறாள். எனக்கு இருக்கிற கருவியிலேயே ஏதாவது செய்ய முடியுமா? ஏப்ரல் முடிவதற்குள் முடிக்க வேண்டும்.

---

கண்ணாடிநூல் எழுதியது:

கருவி பழுதில்லை, அது சரியாகத்தான் வேலை செய்கிறது. நீங்கள் கட்டியிருப்பது திரிபுமானி, ஆனால் அதைவிட நல்ல வெப்பமானி. கணக்குப் போட்டுப் பார்த்தால் உங்களுக்கே தெரியும், ஃப்ரிஞ்ச் கணக்கிலேயே சொல்கிறேன்.

முதலில் ஒட்டாமல் சும்மா கிடக்கும் ஃபைபர். ஒரு டிகிரி சூடேறினால் 1 மீட்டர் சிலிக்கா நீளுவது 0.55 மைக்ரோமீட்டர்தான், சிலிக்கா அவ்வளவு லேசில் விரியாது. பலரும் இதை மட்டும் பார்த்துவிட்டு, கண்ணாடி விரிவது குறைவு, வெப்பநிலை ஒன்றும் செய்யாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் மாறுவது ஒளிவிலகல் எண். அது டிகிரிக்கு ஏறத்தாழ ஒரு லட்சத்தில் ஒரு பங்கு கூடுகிறது. கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் 1 மீட்டர் முழுக்க அப்படிக் கூடினால் ஒளிப்பாதை 10 மைக்ரோமீட்டர் நீண்டுவிடும். நீட்சியையும் சேர்த்தால் 10.8. உங்கள் அலைநீளம் 1.55 மைக்ரோமீட்டர், ஆக ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 7 ஃப்ரிஞ்ச்.

இப்போது திரிபு. 1 மீட்டர் ஃபைபரை 1 மைக்ரோஸ்ட்ரெயின், அதாவது நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, இழுத்தால் 1 மைக்ரோமீட்டர் நீளும், ஒளிவிலகல் எண் 1.468ஆல் பெருக்கினால் ஒளிப்பாதை 1.47 மைக்ரோமீட்டர். ஆனால் இழுபடும் கண்ணாடியில் ஒளிவிலகல் எண்ணே குறைகிறது, அந்த ஒளிமீட்சி விளைவு சுமார் 22 சதவீதத்தைத் தின்றுவிடும். மிச்சம் 1.15 மைக்ரோமீட்டர், அதாவது 0.74 ஃப்ரிஞ்ச். 1978இல் பட்டரும் ஹாக்கரும் ஃபைபரைத் திரிபுமானியாக்கிக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே ஹாக்கர் வெப்பநிலைக்கும் அழுத்தத்துக்கும் ஃபைபரைப் பயன்படுத்துவது பற்றி எழுதினார். இரண்டும் ஒரே ஃபைபரில்தான் ஏறும் என்பது தொடக்கத்திலிருந்தே தெரிந்த கதை.

ஆக ஒட்டாத ஃபைபருக்கு 1 டிகிரியும் 9 மைக்ரோஸ்ட்ரெயினும் ஒன்றுதான். உங்கள் ஃபைபரோ அலுமினியத்தில் ஒட்டியிருக்கிறது. அலுமினியம் டிகிரிக்கு 23 மைக்ரோஸ்ட்ரெயின் விரிந்து ஃபைபரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். 30 செ.மீ.க்கு இந்த இழுப்பால் 5 ஃப்ரிஞ்ச், ஃபைபரின் சொந்தச் சூட்டால் 2.1 ஃப்ரிஞ்ச், மொத்தம் டிகிரிக்கு 7 ஃப்ரிஞ்ச். எடை பக்கம் வருவோம்: உங்கள் பட்டை அளவுக்கு 100 கிராம் தொங்கினால் வைஸ் பக்கத்து முனையில் திரிபு சுமார் 112 மைக்ரோஸ்ட்ரெயின், தொங்கும் முனையில் பூஜ்யம், சராசரி 56. இதற்கு 12.4 ஃப்ரிஞ்ச். நீங்கள் எண்ணியது 12. அதனால்தான் முதலிலேயே சொன்னேன், கருவியில் பழுதில்லை. ஆனால் பட்டை மட்டும் ஒன்றேமுக்கால் டிகிரி சூடேறினாலே அது உங்களுக்கு 100 கிராம் காட்டிவிடும்.

சரி, என்ன செய்யலாம்? மேசை மேல் சுற்றி வைத்திருக்கிறீர்களே அந்த இரண்டாவது கிளை, அதை அங்கிருந்து எடுத்துப் பட்டையின் அடிப்பக்கத்தில், மேலே ஒட்டிய அதே 30 செ.மீ.க்கு நேர்கீழே ஒட்டுங்கள். எடை தொங்கினால் மேல்பக்கம் இழுபடும், கீழ்ப்பக்கம் அமுங்கும். இன்டர்ஃபெரோமீட்டர் பார்ப்பது இரண்டு கிளைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும், அதனால் திரிபு இரட்டிப்பாகும், வெப்பநிலை இரண்டுக்கும் பொது என்பதால் கழிந்துபோகும். 3 மி.மீ. அலுமினியத்தில் மேலும் கீழும் சூடு வேறுபட வழியே இல்லை, அது அவ்வளவு வேகமாகக் கடத்தும். மின்சாரத் திரிபுமானி ஒட்டுகிறவர்கள் வீட்ஸ்டன் பாலத்தில் செய்யும் அரைப்பாலத்தையே (எதிரெதிராக அசையும் இரண்டு மானிகளின் வித்தியாசத்தைப் பார்க்கும் இணைப்பையே) நீங்கள் ஒளியில் செய்கிறீர்கள், கருவியில் ஒரு ரூபாய் கூடச் செலவில்லை.

இரண்டு எச்சரிக்கை. கீழ்ப்பக்க ஃபைபர் அமுங்கப் போகிறது, அதனால் முழு நீளத்துக்கும் பசை வேண்டும். இரு முனையில் மட்டும் ஒட்டினால் நடுவில் தொய்ந்துவிடும். அப்புறம் இது வளைவை மட்டும்தான் அளக்கும். பட்டையை நேராக நீளவாக்கில் இழுத்தால் மேலும் கீழும் ஒரே அளவு நீண்டு, வெப்பநிலையைப் போலவே அதுவும் கழிந்துவிடும். உங்கள் ப்ராஜெக்ட்டில் வளைவு மட்டும்தான் என்றால் கவலை இல்லை.

ஒட்டாத மிச்சம் 1.7 மீட்டரையும் மறந்துவிடாதீர்கள். இரண்டு கிளைக்கும் வெறும் 0.1 டிகிரி வித்தியாசம் இருந்தாலே அந்த நீளத்தில் 1 ஃப்ரிஞ்சுக்கு மேல் போகும். உங்கள் உள்ளங்கை செய்வது பெரும்பாலும் இதைத்தான். கண்ணாடி இழை மெலிசு, சூடு பட்ட மறுநொடி ஏறிவிடும், பட்டையோ கனமானது, மெதுவாகத்தான் ஏறும். மிச்ச ஃபைபர் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, ஒரே பஞ்சு உறைக்குள்ளோ ஒரே தெர்மோகோல் பெட்டிக்குள்ளோ போடுங்கள்.

---

அலைமுகடு எழுதியது:

மேலே சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன், அரைப்பாலம்தான் முதல் வேலை. ஆனால் வெப்பநிலை என்று நீங்கள் நினைக்கும் ஓட்டத்தில் கொஞ்சம் லேசருடையதாகவும் இருக்கலாம், அதை யாரும் கேட்கவில்லை.

டி.எஃப்.பி. லேசர் சிப் ஒரு டிகிரி சூடேறினால் அலைநீளம் ஏறத்தாழ 0.1 நானோமீட்டர் நகரும். உங்கள் இரண்டு கிளையும் மிகச் சரியாக ஒரே நீளம் என்றால் அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் "ஏறக்குறைய 2 மீட்டர்" என்று எழுதியிருக்கிறீர்கள். 10 செ.மீ. வித்தியாசம் இருந்தால் அந்த 0.1 நானோமீட்டர் மட்டுமே 6 ஃப்ரிஞ்ச் ஓட்டிவிடும், பட்டைக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாமல். சோதிப்பது எளிது: லேசர் கரண்டைக் கொஞ்சம் ஏற்றி இறக்குங்கள், பட்டையைத் தொடாதீர்கள். ஒளியின் அளவு கூடிக் குறைவதோடு ஃப்ரிஞ்சும் ஓடினால் கிளைகள் சமமில்லை. நீளமான கிளையை வெட்டி மறுபடி ஸ்ப்ளைஸ் செய்து (உருக்கி இணைத்து) 1 செ.மீ.க்குள் கொண்டுவாருங்கள், லேசரின் வெப்பக் கட்டுப்பாட்டையும் ஆன் செய்து அரை மணி நேரம் கழித்து அளக்கத் தொடங்குங்கள். எங்கள் லேபில் ஒருவர் ஆறு மாத அளவீட்டை வெப்பநிலை என்று எழுதி வைத்திருந்தார், கடைசியில் பார்த்தால் பாதி லேசருடையது. அவர் மறுபடி எல்லாவற்றையும் எடுக்க வேண்டியதாயிற்று, அந்த நிலைமை உங்களுக்கு வரக்கூடாது.

இனி திசை. ஒற்றை ஃபோட்டோடையோடு உங்களுக்குத் தருவது கட்டத்தின் கொசைன்; கட்டம் என்பது இரண்டு கிளையின் அலைகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி வருகின்றன என்ற கோணம். கொசைனுக்கு முன்னே போனாலும் பின்னே போனாலும் ஒரே முகம். அதனால் ஒரு வெளியீட்டை மட்டும் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் திசை கிடைக்காது. இன்னும் மோசம், ஃப்ரிஞ்சின் உச்சியிலோ அடியிலோ நிற்கும்போது சின்ன மாற்றமே தெரியாது, நடுச்சரிவில் நிற்கும்போது நன்றாகத் தெரியும். ஒரே எடையை இன்று வைத்தால் ஒரு அளவு, நாளை வைத்தால் வேறு அளவு என்று வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது கப்ளரை எடுத்துவிட்டு அங்கே 3க்கு 3 கப்ளர் போடுங்கள். இரண்டு கிளையை இரண்டு நுழைவில் இணையுங்கள், மூன்றாவது நுழைவு சும்மா இருக்கட்டும். மூன்று வெளியீடும் ஒன்றுக்கொன்று 120 டிகிரி தள்ளி வரும். ஒன்று உச்சியில் இருந்தால் மற்ற இரண்டும் சரிவில் இருக்கும், எப்போதும் யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார். எது முந்துகிறது எது பிந்துகிறது என்பதிலிருந்து திசை வந்துவிடும், முழு ஃப்ரிஞ்ச் எண்ணத் தேவையில்லாமல் ஃப்ரிஞ்சில் நூறில் ஒரு பங்கு வரை படிக்கலாம். மூன்று ஃபோட்டோடையோடும் ஒரே மாதிரி இருக்காது, ஒவ்வொன்றின் உச்சத்தையும் அடியையும் முதலில் குறித்துக்கொண்டு சமப்படுத்துங்கள். இன்னொரு வழியும் உண்டு, ஒரு கிளையை மின்னழுத்தம் கொடுத்தால் விரிந்து சுருங்கும் பீசோ உருளையில் சுற்றிச் சைன் அலையால் ஆட்டி அதிலிருந்து கட்டத்தைப் பிரிப்பது, ஆனால் அதற்கு மின்னணு வேலை அதிகம், ஏப்ரலுக்குள் வேண்டாம்.

ஃப்ரிஞ்சின் உயரம் சில நாள் நன்றாகவும் சில நாள் பாதியாகவும் இருக்கிறதா? அது முனைவாக்கம், அதாவது ஒளியலை அதிரும் திசை. ஃபைபரைக் கொஞ்சம் நகர்த்தினாலே இரண்டு கிளையின் முனைவாக்கமும் விலகிப்போகும், முழுதாகச் செங்குத்தானால் ஃப்ரிஞ்சே மறைந்துவிடும். ஒரு கிளையில் மூன்று துடுப்பு முனைவாக்கச் சரிசெய்யியைப் போட்டு உயரத்தை அதிகபட்சத்துக்குக் கொண்டுவந்து, அதன் பிறகு எல்லா ஃபைபரையும் டேப் போட்டு அசையாமல் ஒட்டிவிடுங்கள்.

---

பாலத்தடி எழுதியது:

நான் லேப் ஆள் இல்லை, பாலங்களில் சென்சார் பதிக்கும் வேலையில் இருக்கிறேன், அதனால் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கட்டடத்திலும் பாலத்திலும் வெப்பநிலை ஒரு தொந்தரவு இல்லை, அதுதான் பெரிய சுமை. கான்கிரீட் டிகிரிக்குச் சுமார் 10 மைக்ரோஸ்ட்ரெயின் விரியும். காலைக்கும் பிற்பகலுக்கும் 10 டிகிரி வித்தியாசம் என்றால் 100 மைக்ரோஸ்ட்ரெயின், 30 மீட்டர் தளம் 3 மி.மீ. நீளும். ஒரு லாரி கடக்கும்போது நாம் பார்ப்பது பெரும்பாலும் இதைவிடக் குறைவு. அதனால் வெப்பநிலையைக் கழித்துத் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்ற எண்ணத்தோடு யாராவது வந்தால் எனக்குக் கவலையாக இருக்கும். பாலம் விரிய வேண்டிய அளவு விரியவில்லை என்றால் பாலத்தைத் தாங்கி நகரவிடும் பேரிங் எங்கோ பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள், அதைச் சொல்லிக் கொடுப்பதே வெப்பநிலைதான்.

இன்னொன்று, நீங்கள் கட்டியிருப்பது ஏறியதையும் இறங்கியதையும் எண்ணுகிற கருவி. எண்ணிக்கை விட்டுப்போனால் போனதுதான். ஓரிடத்தில் இப்படி ஒன்றை வைத்து நான்கு மாதம் ஓட்டினோம். ஒரு நாள் இரவு மின்சாரம் மூன்று மணி நேரம் இல்லை, பேட்டரியும் கைவிட்டது. காலையில் கருவி மறுபடி எழுந்து ஃப்ரிஞ்ச் எண்ணத் தொடங்கியது, ஆனால் எங்கிருந்து? அந்த மூன்று மணி நேரத்தில் பாலம் குளிர்ந்து சுருங்கிய ஃப்ரிஞ்சுகளை யாரும் எண்ணவில்லை. முன்பாதிக்கும் பின்பாதிக்கும் இடையில் ஒரு படிக்கட்டு, அதன் உயரம் யாருக்கும் தெரியாது. அந்த வரைபடத்தை அச்செடுத்து என் மேசைக்கு மேலே இன்றும் ஒட்டி வைத்திருக்கிறேன்.

அதனால்தான் களத்தில் குறை ஓரியல் முறைக்குப் போகிறோம். லேசருக்குப் பதிலாக அகன்ற அலைநீளம் கொண்ட ஒளி. அப்படிப்பட்ட ஒளியில் இரண்டு பாதையும் சில பத்து மைக்ரோமீட்டருக்குள் பொருந்தினால் மட்டும்தான் ஃப்ரிஞ்சே தெரியும். படிக்கும் கருவிக்குள் ஒளியைத் திருப்பும் கண்ணாடி ஒன்றை நகர்த்தி எந்த இடத்தில் ஃப்ரிஞ்ச் தோன்றுகிறது என்று பார்த்தால், அந்த இடமே அளவு. மின்சாரம் போகட்டும், கருவியைக் கழற்றி அடுத்த ஆண்டு வந்து மாட்டட்டும், அதே பூஜ்யத்திலிருந்து படிக்கும்.

ஸ்விட்சர்லாந்தின் லொசான் தொழில்நுட்பக் கழகத்தில் 1990களில் உருவான சோஃபோ அமைப்பு இந்த வகைதான். அதை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தால் உங்களுக்கு மேலே சொன்ன அரைப்பாலம் இன்னும் தெளிவாகும். ஒரு குழாய்க்குள் இரண்டு ஃபைபர், முனைகளில் ஒளியைத் திருப்பும் பூச்சு, போன ஒளி அதே வழியில் திரும்பி வந்து சேரும் மைக்கல்சன் இன்டர்ஃபெரோமீட்டர். ஒன்று இரு நங்கூரத்துக்கு நடுவே முன்கூட்டியே இழுத்துக் கட்டியது, கான்கிரீட்டோடு நீண்டு சுருங்கும். மற்றொன்று அதே குழாய்க்குள் தொய்வாகக் கிடக்கும், அதற்குத் திரிபு ஏறாது. குழாய்க்குள் இரண்டுக்கும் ஒரே சூடு, ஃபைபரின் சொந்த வெப்ப விளைவு அங்கேயே கழிந்துவிடும், மிச்சம் இருப்பது கான்கிரீட்டின் உண்மையான நீட்சி. 25 செ.மீ. முதல் 10 மீட்டர் வரை நீளமுள்ள சென்சார், எந்த நீளத்துக்கும் பிரிதிறன் 2 மைக்ரோமீட்டர். ஜெனீவாவுக்கும் லொசானுக்கும் இடையே நெடுஞ்சாலையில் வெர்சுவா ஆற்றுப் பாலங்களை அகலப்படுத்தியபோது இவற்றை 100க்கு மேல் பதித்தார்கள். பழைய கான்கிரீட்டோடு புதிய கான்கிரீட்டைச் சேர்த்தால் புதியது காய்ந்து சுருங்கும், பழையது ஏற்கெனவே சுருங்கி முடித்தது, இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். அந்த இழுப்பைப் பார்க்கத்தான் பதித்தார்கள்.

உங்கள் ப்ராஜெக்ட்டுக்கு இது தேவையில்லை, ஆனால் அறிக்கையில் "இது மாற்றத்தை மட்டும் அளக்கும், தனி அளவைத் தராது" என்று ஒரு வரி எழுதுங்கள். தேர்வாளர் கேட்பார்.

---

இழைநுனி எழுதியது:

மூவருக்கும் நன்றி. உண்மையாகவே கண் திறந்த மாதிரி இருக்கிறது. 12.4 என்று கணக்கு வந்ததைப் பார்த்ததும் நோட்டைத் திறந்து நானும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன், வந்தது!

லேசர் கரண்டை ஆட்டிப் பார்த்தேன், ஃப்ரிஞ்ச் ஓடுகிறது. டேப் வைத்து அளந்தால் கிளைகளுக்கு நடுவே 14 செ.மீ. வித்தியாசம். இந்த வாரம் வெட்டி ஸ்ப்ளைஸ் செய்து, இரண்டாவது கிளையைக் கீழே ஒட்டிவிட்டு வந்து சொல்கிறேன். அதற்குள் ஒரு சந்தேகம்: வழிகாட்டி ஆசிரியர் சொன்ன மேட்ரிக்ஸ் முறை தவறா? எஃப்.பி.ஜி. ஒன்று லேபில் இருக்கிறது.

---

பிராக்கொளி எழுதியது:

தவறில்லை, ஆனால் எதோடு எதைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து அது அருமையாகவும் வரும், அபத்தமாகவும் வரும். இரண்டு சென்சார், இரண்டும் திரிபுக்கும் வெப்பநிலைக்கும் வேறு வேறு அளவில் அசைகின்றன, இரண்டு சமன்பாடு, இரண்டு தெரியாதவை, அவ்வளவுதான். காகிதத்தில் எப்போதும் தீர்வு வரும். ஆனால் இரண்டு சென்சாரும் ஒரே விகிதத்தில் அசைந்தால் இரண்டாவது சமன்பாடு புதிதாக எதையும் சொல்லவில்லை, முதலாவதையே திருப்பிச் சொல்கிறது. அப்போது அளவீட்டில் இருக்கும் துளிப் பிழை பூதாகரமாக விடையில் வந்து நிற்கும்.

ஒரு எடுத்துக்காட்டு போட்டுப் பாருங்கள். ஒரே ஃபைபரில் 850 நானோமீட்டர் பகுதியில் ஒரு எஃப்.பி.ஜி., 1300 பகுதியில் ஒன்று. முதலாவது ஒரு மைக்ரோஸ்ட்ரெயினுக்கு 0.59 பிக்கோமீட்டரும் ஒரு டிகிரிக்கு 6.3 பிக்கோமீட்டரும் நகரும், இரண்டாவது 0.96, 8.72. பார்க்க வேறு வேறாகத் தெரியும். ஆனால் மேட்ரிக்ஸின் அணிக்கோவை (அது சின்னதானால் பிழை பெருகும்) 0.9தான் வரும். நீங்கள் ஒவ்வொரு முகட்டையும் 1 பிக்கோமீட்டர் பிழையோடு படித்தால், மோசமான நிலையில் விடையில் 17 மைக்ரோஸ்ட்ரெயின் பிழை, 1.7 டிகிரி பிழை. 1 பிக்கோமீட்டர் என்பது நல்ல கருவிக்கே சிரமம்.

இப்போது ஃபாப்ரி–பெரோவைப் பாருங்கள். ஃபைபருக்கு நடுவே ஒரு வெற்றுக்குழல் துண்டை ஸ்ப்ளைஸ் செய்தால் உள்ளே காற்றுக்குழி ஒன்று கிடைக்கும், இரு முனைக் கண்ணாடியிலிருந்தும் திரும்பும் ஒளி குறுக்கிடும். 100 மைக்ரோமீட்டர் குழி என்றால் 1550 பகுதியில் 12 நானோமீட்டருக்கு ஒரு ஃப்ரிஞ்ச். ஒளி போவது காற்றில், அதனால் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் எவ்வளவு மாறினாலும் அதற்குக் கவலையில்லை, குழல் விரிகிற 0.55 மட்டும்தான். மைக்ரோஸ்ட்ரெயினுக்கு 1.55 பிக்கோமீட்டர், டிகிரிக்கு 0.85 மட்டும். இதை 1550இல் உள்ள சாதாரண எஃப்.பி.ஜி.யோடு சேருங்கள், அது 1.2, 10. அணிக்கோவை 14.5. அதே 1 பிக்கோமீட்டர் பிழைக்கு விடையில் 0.75 மைக்ரோஸ்ட்ரெயின், 0.2 டிகிரி. உங்கள் ஆசிரியரும் தோழியும் சொன்னது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால்தான் நல்ல விடை வருகிறது.

ஆனால் "வெப்பநிலை தொடாது" என்று உங்கள் தோழி சொன்னதில் பாதிதான் உண்மை. காற்றுக்குழியின் சொந்த வெப்ப உணர்வு குறைவு, சரி. அதை அலுமினியத்தில் ஒட்டிய பிறகு அலுமினியம் விரிவதைக் குழியும் பார்க்கத்தானே செய்யும்? மேட்ரிக்ஸ் உங்களுக்குத் தருவது மொத்தத் திரிபு. அதில் எடையால் வந்தது எவ்வளவு என்று தெரிய, கிடைத்த வெப்பநிலையை 23ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். 0.2 டிகிரி பிழை அங்கே 4 மைக்ரோஸ்ட்ரெயினுக்கு மேல் ஆகிவிடும். நிறைய ஆய்வுக் கட்டுரைகளில் ஃபைபரை இரு ஸ்டேஜுக்கு நடுவே இழுத்துத் திரிபைப் பார்ப்பார்கள், பிறகு தனியாக அடுப்பில் வைத்து வெப்பநிலையைப் பார்ப்பார்கள், இரண்டு எண்ணையும் மேட்ரிக்ஸில் போட்டு "ஒரே நேரத்தில் அளவீடு" என்று தலைப்பு வைப்பார்கள். ஒரு பொருளில் ஒட்டி இரண்டையும் ஒன்றாக மாற்றிக் காட்டியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

உங்கள் வேலைக்கு என் கருத்து: அரைப்பாலத்தை முதன்மையாக வையுங்கள். இருக்கிற எஃப்.பி.ஜி.யைப் பட்டையில் ஒட்டாமல், மெல்லிய குழாய்க்குள் தொய்வாகப் போட்டு, குழாயைப் பட்டைமேல் வையுங்கள். திரிபு ஏறாது, டிகிரிக்கு 10 பிக்கோமீட்டர் என்று வெறும் வெப்பமானியாக வேலை செய்யும். மேட்ரிக்ஸில் ஒரு மூலை பூஜ்யமானால் அதுதான் இருப்பதிலேயே நல்ல மேட்ரிக்ஸ்.

---

தொடுவானம் எழுதியது:

குறுக்கே ஒரு வரி. வெப்பநிலை மட்டும் மிக நுணுக்கமாக வேண்டும் என்று யாராவது இந்த உரையாடலைத் தேடி வந்தால், முனைவாக்கம் காக்கும் பாண்டா ஃபைபரைச் சாக்னாக் வளையத்தில் (ஒளி ஒரே வளையத்தை இரு திசையிலும் சுற்றி வந்து குறுக்கிடும் அமைப்பில்) போட்டுப் பாருங்கள். ஃப்ரிஞ்ச் டிகிரிக்கு 1 நானோமீட்டர் அளவுக்கு நகரும், எஃப்.பி.ஜி.யைவிட நூறு மடங்கு. அந்த ஃபைபரில் கோருக்கு (ஒளி செல்லும் நடுப்பகுதிக்கு) இருபுறமும் உள்ள போரான் கலந்த கம்பிகள் சூடேறும்போது கோரின் மீதுள்ள தகைவு தளர்வதுதான் காரணம். திரிபு அளக்க அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

---

இழைநுனி எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன். கிளைகளை 1 செ.மீ.க்குள் கொண்டுவந்தேன், இரண்டாவதைக் கீழே ஒட்டினேன், மிச்ச ஃபைபரைத் தெர்மோகோல் பெட்டிக்குள் சேர்த்து வைத்தேன். 100 கிராமுக்கு இப்போது 23 முதல் 24 ஃப்ரிஞ்ச். எடை இல்லாமல் அரை மணி நேரம் விட்டால் முக்கால் ஃப்ரிஞ்சுக்கு மேல் போகவில்லை, ஏசி ஓடினாலும் நின்றாலும். உள்ளங்கையைப் பட்டையருகே ஒரு நிமிடம் காட்டினேன், கோடு கொஞ்சம் அசைந்துவிட்டு நின்றுவிட்டது. கோடு அப்படி நின்றதைப் பார்த்துப் பக்கத்து மேசைத் தோழியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

3க்கு 3 கப்ளர் வேறொரு துறையிலிருந்து இரவல் கிடைக்கிறது. ஆனால் புதிதாக ஒரு தலைவலி. 500 கிராமை மாட்டி விட்டுவிட்டு மதியம் சாப்பிடப் போய்த் திரும்பினால் 4 ஃப்ரிஞ்ச் நகர்ந்திருக்கிறது. எடையைக் கழற்றினால் உடனே பூஜ்யத்துக்குத் திரும்பாமல், மெதுவாக ஒரு மணி நேரம் எடுத்துத் திரும்புகிறது. வெப்பநிலை மறுபடி வந்துவிட்டதா?

---

கண்ணாடிநூல் எழுதியது:

இல்லை, இது பசை. வெப்பநிலை என்றால் எடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரும். உங்களுடையது எடை வைத்ததும் முதலில் வேகமாகவும் போகப்போக மெதுவாகவும் நழுவுகிறது, கழற்றியதும் அதே வளைவில் திரும்புகிறது. பட்டைக்கும் கண்ணாடிக்கும் நடுவே மெதுவாக இளகும் ஒன்று இருக்கிறது என்று அர்த்தம்.

அநேகமாக இரண்டு அடுக்கு குற்றவாளிகள். ஒன்று பசை. மற்றது ஃபைபரின் மேலுறை: கண்ணாடி 125 மைக்ரோமீட்டர், அதைச் சுற்றி 250 மைக்ரோமீட்டர் விட்டம் வரை அக்ரிலேட் பிளாஸ்டிக், அதிலும் உள்ளடுக்கு வேண்டுமென்றே மிருதுவாகச் செய்தது. நீங்கள் ஒட்டியிருப்பது அந்தப் பிளாஸ்டிக்கைத்தான், கண்ணாடியை அல்ல. 23, 24 என்று கணக்கைவிடக் கொஞ்சம் குறைவாக வருவதும் இதனால் இருக்கலாம்.

நேரம் இருந்தால் பாலிஇமைடு உறை போட்ட ஃபைபர் வாங்கி ஒட்டுங்கள், அந்த உறை மெலிசு, கெட்டி, கண்ணாடியை இறுக்கமாகப் பிடித்திருக்கும், சூட்டையும் நன்றாகத் தாங்கும். இல்லையென்றால் ஒட்டும் 30 செ.மீ.யில் மட்டும் அக்ரிலேட்டை உரித்துவிட்டு, ஆல்கஹாலில் துடைத்து, இரண்டு பாகம் கலக்கும் எப்பாக்சியை மெலிசாகப் பூசி ஒட்டுங்கள். உரித்த ஃபைபரை விரலால் தொடாதீர்கள், துடைத்த பிறகு எதிலும் உரசவிடாதீர்கள், கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறலில் நாளைக்கு ஒடியும். பட்டையை மணல்தாளால் லேசாகத் தேய்த்து, துடைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். மேலேயும் கீழேயும் ஒரே நாளில், ஒரே கலவையில் ஒட்டுங்கள். பசை இரண்டு பக்கமும் வேறு வேறாக இளகினால் அரைப்பாலம் அதையும் திரிபு என்றுதான் காட்டும்.

ஒட்டி முடித்ததும் முதல் வேலையாக 500 கிராமை மாட்டி இரண்டு மணி நேரம் விட்டுவிட்டு, நேரத்துக்கு எதிராக ஃப்ரிஞ்சை வரைந்து இங்கே போடுங்கள், பார்க்கலாம்.